அழவிடாத வீடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் வேண்டுமென்றே மறைத்தான் என்பீர்கள்.

ஒரு மருத்துவமனை கேன்டீனில் டீக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் பெரிய நோய் இல்லை. தோள்பட்டை பிடித்துக்கொண்டிருந்தது. குனிந்து உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. முன்னால் நின்றவர் திடீரென்று திரும்பினார். சட்டையைப் பாதி பேன்ட்டுக்குள் விட்டு மீதியை மறந்திருந்தார். வலது கைக்குள் எதையோ வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். தெரிந்தவரிடம் மணி கேட்பதுபோல என்னிடம் கேட்டார்:

"சார், ஒரு குழந்தைய எப்படி சார் அழவைக்கிறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முறை வந்துவிட்டது. டீயை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். மீதியை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு லிஃப்டைப் பார்த்து வேகமாக நடந்தார். குழந்தைகளுக்கான இதயப் பிரிவு மேல்மாடியில் இருப்பதாக லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் எழுதியிருந்தது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவர் யார், என்ன வேலை, எந்தக் குழந்தை, எதற்காக அழவேண்டும், எதுவும் தெரியாது. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. இதில் வருகிற ஒவ்வொரு நாற்காலியும் நான் போட்டது. ஆனால் அந்தக் கேள்வி நிஜம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

மருத்துவமனை ஜன்னலில் ஒரு புறா வந்து

நிறுத்திவிட்டேன். மருத்துவமனைக் கதை என்று யார் எழுதினாலும் ஜன்னலுக்கு ஒரு புறா வந்துவிடுகிறது. அதற்கு வேறு வேலை இல்லையா?

அடுத்தது:

அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். பிறர் வீட்டு நேரமெல்லாம் அவர் கையில்

இதயம், கடிகாரம், டிக் டிக். எழுதின கையாலேயே அடித்தேன். சரி, குழாய் ரிப்பேர் செய்கிறவர் என்று வைத்துக்கொள்வோம் என்றால் வால்வு, அடைப்பு, கசிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி வந்து நின்றன. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுந்துபோய், கழுவின தம்ளர்களையே மறுபடி கழுவினேன்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என் கதைகளுக்கு அவள்தான் முதல் வாசகி, அவளுக்கு வேறு வழி இல்லை. கற்றுக்கொடுக்கிற காரில் அவள் பக்கத்து இருக்கையில் உட்காருவாள், அவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். கதை கேட்கும்போதும் அந்தக் கால் தயாராகவே இருக்கும்.

"யாருங்க அந்தாளு? கொடுமக்காரனா?" என்றாள்.

"பாத்தா அப்படித் தெரியல."

"பின்ன, குழந்தைய அழவைக்க வழி கேக்கிற அப்பன் எவன்?"

"அதான் எனக்கும் புரியல. மூணு நாளா மண்டை காயுது."

அவள் காலுறையைக் கழற்றி உதறினாள். "இதுல என்ன மண்டை காயுறதுக்கு? அழவே விடாம வளத்திருப்பான். இப்ப அழவேண்டிய நேரம் வந்திருக்கும். எப்படின்னு தெரியல." சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

கதை அந்த இடத்தில்தான் பிறந்தது. என் பெயர் போட்டு வரப்போகிறது, அது வேறு விஷயம்.

[இதயத்துக்குள் ஒரு ஓட்டையோடும், நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியில் ஒரு குறுகலோடும் பிறக்கிற குழந்தைகள் உண்டு. வீறிட்டு அழுதால் அந்தக் குறுகல் இன்னும் இறுகும். ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் ஓட்டை வழியே குறுக்கே ஓடிவிடும். உதடும் நகமும் நீலமாகும். முழங்காலை மடித்து நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால் மெல்லத் திரும்பி வரும். இதெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது. டாக்டர்கள் என் விளக்கத்தைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.]

3

ஆக, அப்பா பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவர். இதுவும் கொஞ்சம் ஜோடித்ததுபோல இருக்கிறது என்று தெரியும். ஆனால் இந்த வேலையை அவருக்குக் கொடுத்த பிறகுதான் அவர் நடக்கத் தொடங்கினார், அதனால் விட்டுவிட்டேன்.

வாடிக்கையாளர் ஒரு துணித்துண்டையோ உடைந்த ஓட்டுத் துண்டையோ கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார். அப்பா டப்பாவில் சாயம் விட்டு, குலுக்கும் இயந்திரத்தில் மாட்டி எடுத்து, மூடியின்மேல் ஒரு விரல் தடவி, சூடான காற்றடித்து உலர்த்திப் பார்ப்பார். ஈரத்தில் ஒரு நிறம், உலர்ந்தால் வேறு நிறம். அவசரப்பட்டவன் ஏமாந்தான் என்பது அந்தக் கடையில் எல்லாருக்கும் தெரியும்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் பாலுக்கு அழுதாள். அழுகை நீண்டது, பிறகு சத்தம் நின்றது, வாய் மட்டும் திறந்திருந்தது. உதடு நீலமாகிக்கொண்டே போனதை அப்பா பார்த்தார். குழந்தையின் கையும் காலும் துவண்டுவிட்டன. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டாள். எடையும் வயதும் கூடி ஆபரேஷனுக்குத் தயாராகும்வரை மருந்து கொடுப்போம் என்று டாக்டர் சொன்னார். "அதுவரைக்கும் முடிஞ்ச அளவு அழவிடாம பாத்துக்கங்க."

இருவருக்கும் 'அழவிடாம' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. 'முடிஞ்ச அளவு' என்பது விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மஞ்சள் பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு வெள்ளை விளக்கு மாட்டினார். மஞ்சள் வெளிச்சம் நீலத்தை மறைத்துவிடும். பச்சையாக இருந்த சுவர்களுக்கு வெள்ளை அடித்தார், சுவரின் நிறம் அவள் முகத்தில் ஏறக்கூடாது. வந்த விருந்தாளி ஒருவர் என்னப்பா வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு என்றார். அதன்பிறகு அவரை அழைக்கவில்லை. கடையில் யாராவது படுக்கையறைக்கு நீலம் கேட்டு வந்தால், "நீலம் சீக்கிரம் வெளுத்துரும் சார், இந்தப் பச்சயப் பாருங்க" என்று இழுத்துப் பார்ப்பார். முதலாளியிடம் அதற்காக வாங்கிக்கட்டிக்கொண்டதும் உண்டு.

அம்மாவுக்குத் துணி துவைக்கும் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் வேலை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கத்துகிறவர்களைக் கத்தவிட்டு, முடிந்ததும் உங்க சிரமம் புரியுது மேடம் என்று ஆரம்பிப்பாள். எந்த நிலையிலும் 'முடியாது' என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது என்பது அங்கே பயிற்சியின் முதல் பாடம். அந்தப் பாடத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மகளுக்கு 'மேடம்' என்று பெயர் வந்தது இப்படித்தான்.

"அம்மா, எதிர்வீட்டு நாய் நமக்கு வேணும்."

"கண்டிப்பா மேடம். உங்க கோரிக்கைய பதிவு பண்ணிக்கிட்டோம்."

"எப்ப வரும்?"

"எங்க ஆளு நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுவாரு மேடம்."

எங்க ஆளு என்பது அப்பா. அவர் போய் நின்று எதிர்வீட்டுக்காரரிடம் நாயைக் கொஞ்சநேரம் இரவல் கேட்டுக் கூட்டிவருவார். பலூன் வாங்கினால் அதே நிறத்தில் இரண்டு வாங்குவார், ஒன்று வெடித்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று வரவேண்டும். டிவியில் யாராவது சோகமாகத் தலையைக் குனிந்தாலே சேனல் மாறிவிடும். அந்த வீட்டில் 'இல்லை' என்ற வார்த்தையே கிடையாது. அப்புறம், நாளைக்கு, பாக்கலாம், பதிவு பண்ணியாச்சு, எல்லாம் உண்டு.

பாம்பு ஏணி அட்டை ஒன்று இருந்தது. பாம்பு கடித்துக் காய் கீழே இறங்கினால் அழுவாள் என்று அம்மா எல்லாப் பாம்புகளின் தலையிலும் பூ ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். ஏணி மட்டும் மிச்சம். அப்பா அவருடைய பங்குக்கு ஒரு விதி சேர்த்தார்: அப்பா ஆறு போட்டால் ஆறு கட்டம் பின்னால் போகவேண்டும். மகளும் ஆட்டமே அப்படித்தான் என்று நம்பிவிட்டாள். தோற்பதில் அப்பா கைதேர்ந்துபோனார்.

4

இதுவரை படித்துவிட்டு மனைவி தாள்களை மடியில் வைத்தாள்.

"அம்மாக்காரி எங்க?"

"இருக்காளே. ஃபோன்ல."

"அதான். ஃபோன்லயே இருக்கா. சிரிக்கவைக்க வந்துட்டுப் போறா. சுவத்துக்கு வெள்ளையடிச்சது அப்பன், நாய் கூட்டிட்டு வந்தது அப்பன். மருந்து கொடுத்தது யாரு? ஆஸ்பத்திரி பெட்டுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுத்தது யாரு?"

நியாயம்தான். சலித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனையோ முறை அந்த ஆஸ்பத்திரியில் தங்கியிருக்கிறார்கள். சளி வந்தால் தங்கல், காய்ச்சல் வந்தால் தங்கல், ஆபரேஷனுக்கு நாள் குறித்து எல்லாம் தயாராகி, கடைசியில் உடம்பு சுடுகிறது என்று தள்ளிவைத்த தங்கல். அம்மா ஒரு பையை அவிழ்க்காமலே கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். பல்துலக்கி, போர்வை, மகளுக்குப் பிடித்த சிவப்புத் தட்டு, பாம்பு ஏணி அட்டை. வார்டில் யார் எப்போது டியூட்டி மாறுவார்கள், எந்த நர்ஸ் ஊசி குத்தினால் வலியே தெரியாது, எந்தக் குழாயில் வெந்நீர் வரும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெறும் வயிற்றில் இருக்கவேண்டிய காலையில் மகள் பசிக்குது என்றால் முடியாது என்று சொல்லமாட்டாள். "இன்னிக்கு ஊர்ல யாருக்குமே சாப்பாடு கிடையாது மேடம். சமைக்கிறவங்க எல்லாம் தூங்குறாங்க" என்பாள். அதை நிஜமாக்குவதற்காக அவளும் அப்பாவும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

இரண்டாம்முறை ஆபரேஷன் தள்ளிப்போன அன்று அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவளை மகள் கட்டிலில் உட்கார்ந்தபடி உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு நீலம் வருமா?"

"வராது மேடம்."

"அப்ப நீ அழலாம்ல. இங்கயே அழு. நான் பாத்துக்கறேன்."

அம்மா அழவில்லை. அந்த வீட்டில் அழாமல் இருக்க மகளுக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தானே.

(இந்த இடத்தில் நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். கீழே தெருவில் ஒருவர் காரைப் பின்னால் எடுக்கப் பார்த்து மூன்றுமுறை சுவரில் இடித்தார். பார்க்க ஆறுதலாக இருந்தது.)

5

இந்தப் பகுதியில் ஆபரேஷனை எழுதியிருந்தேன். வாசலில் காத்திருப்பது, சிவப்பு விளக்கு, கதவு திறப்பது. எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டேன். நீங்கள் பலமுறை பார்த்ததுதான். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஓட்டையை அடைத்தார்கள், குறுகலை விரித்தார்கள். அதில் உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. இந்தக் கதையின் பயம் அதற்குப் பிறகு இருக்கிறது.

6

மூச்சுவிடத் தொண்டைக்குள் விட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். தீவிர சிகிச்சை அறையிலிருந்து பக்கத்து வார்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. மூக்கில் மெல்லிய குழாய் வழியே ஆக்சிஜன். நெஞ்சின் நடுவில் நீளமாகக் கட்டு. மகள் சாய்ந்து உட்கார்ந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, தம்ளர் விளிம்பில் வாய் வைத்து ருசிபார்ப்பதுபோல மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள்.

மூச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். சோப்புக் குமிழி ஊதும் பாட்டிலைச் சட்டைப்பையில் வைத்திருப்பதால் வார்டில் அவளுக்குக் குமிழி அக்கா என்று பெயர். எல்லாக் குழந்தைகளும் அவளைப் பார்த்ததும் ஊதுவார்கள். மேடம் ஊதவில்லை. குமிழி வளையத்துக்கு முன்னால் உதட்டைக் குவித்தாள், காற்று வரவில்லை. இரும்மா என்றால் இருமவில்லை.

குமிழி அக்கா அப்பாவையும் அம்மாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"நுரையீரலோட அடிப்பக்கம் சுருங்கிக் கிடக்கு. நல்லா மூச்சு உள்ள போனாதான் விரியும். ஊதணும், இருமணும். எதுவும் மாட்டேங்கிறா."

"வலிக்குமேம்மா. தையல் போட்டிருக்கில்ல" என்றாள் அம்மா.

"வலி மருந்து கொடுத்துத்தான் இருக்கு. வலி மட்டும் இல்லன்னு நினைக்கிறேன். மூச்ச இழுத்தா வலிக்கும், வலிச்சா அழுக வந்துரும், அதுக்குப் பயப்படுறா. இந்த வயசுல இப்படி அடக்குற குழந்தைய நான் பாத்ததில்ல."

அப்பா தரையைப் பார்த்தார்.

"அழுதாக்கூட நல்லதுதான் சார். அழும்போது மூச்சு அடிவரைக்கும் போகும். இதயத்தச் சரிபண்ணியாச்சு, இனிமே நீலம் வராது. மத்தியானம் எக்ஸ்ரே எடுப்பாங்க. இப்படியே இருந்தா டாக்டர் திரும்பக் குழாய் போடவேண்டியதா இருக்கும்னு சொல்றாரு. போட்டா மறுபடி எடுக்கிறது சுலபம் இல்ல. அதனால அழவிடுங்க."

இருவரும் உள்ளே வந்தார்கள். அம்மா மகளின் தலையைக் கோதினாள்.

"மேடம், ஒரு நல்ல சேதி. உங்களுக்கு இனிமே நீலம் வராது. அழணும்னு தோணினா அழலாம்."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிர்வீட்டு நாய் நாளைக்கு வரும் என்று சொன்னபோது எப்படிப் பார்த்தாளோ அப்படி.

"சும்மா சொல்றீங்க" என்றாள், மூச்சை எண்ணிச் செலவழித்து.

அவளை எப்படிக் குற்றம் சொல்வது? பிறந்ததிலிருந்து அந்த இரண்டு பேரும் அவளிடம் சும்மாதானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அட்டையை விரித்து வழக்கம்போல ஆட ஆரம்பித்தார். ஆறு விழுந்தது, பின்னால் போனார். மகளின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது, மூச்சு அதே அரை மூச்சுதான். டீ குடிச்சிட்டு வரேன் என்று எழுந்தார். பகடையை வைத்துவிட்டுப் போகத் தோன்றவில்லை. வரிசையில் நின்றார். பின்னால் யாரோ ஒருவர் தோள்பட்டையைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார்.

அந்த ஆளிடம் கேட்டார். அந்த ஆளுக்குப் பதில் தெரியவில்லை.

7

இனி அழவைக்கவேண்டியது என் பொறுப்பு. வந்த வழிகளையெல்லாம் இங்கே வைக்கிறேன், நான் எவ்வளவு திண்டாடினேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும்.

ஒரு வரைவில் நர்ஸ் ஊசியோடு வந்தாள். மகள் தானே கையை நீட்டி, "சீக்கிரம் போடுங்கக்கா" என்றாள். அத்தோடு அது போயிற்று.

இன்னொன்றில்:

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கையை ஓங்கி

"ஏங்க" என்றாள் மனைவி. ஒரே வார்த்தை. பிரேக் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளைக் கிழித்தேன்.

மூன்றாவதில் அம்மா முதலில் அழுதாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் மகள் எட்டி அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்து, அழு, நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டாள். இந்தக் குழந்தையோடு பெரிய தொல்லை. நான் எழுதிய குழந்தை என்ற நன்றியே இல்லை.

வலிக்கு அவள் பழகியிருந்தாள், பயத்துக்கும் பழகியிருந்தாள். எதற்குப் பழகவில்லை என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி நடந்தேன். மனைவி அன்று வேலை முடித்து வந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"புதுசா வந்த பொண்ணு நல்லா ஓட்டுறாளா?" என்று ஏதோ கேட்கவேண்டுமே என்று கேட்டேன்.

"ஓட்டுறா. ஆனா நான்தான் ஓட்டுறேன். வளைவு வந்தா என் கால் தன்னால பிரேக்க மிதிச்சிருது. இன்னிக்கு வேணும்னே காலத் தூக்கி சீட்டுமேல மடக்கி வச்சுக்கிட்டேன்."

"என்னாச்சு?"

"கத்துனா. நான் மனசுக்குள்ள கத்துனேன். அப்புறம் அவளே மிதிச்சா."

நான் ஓடிப்போய் எழுத உட்கார்ந்தேன்.

8

அப்பா லிஃப்டிலிருந்து வெளியே வந்து, வார்டுக்குள் நுழைந்து, கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தார். ஆட்டம் விட்ட இடத்தில் இருந்தது. மகளின் காய் ஒரு சிவப்பு பட்டன், அது நூறை நெருங்கிவிட்டது. அப்பாவின் காய் ஒரு பேனா மூடி. அது நூறைத் தொடச் சரியாக ஆறு கட்டம் பாக்கி.

அம்மா தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடம் ஒரே கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்குப் பேச்சு தேவையில்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

அப்பா பகடையைப் போட்டார். (கேன்டீனில் அவர் கையில் உருண்டது என்ன என்று எனக்குத் தெரியாது. பட்டனாக இருக்கலாம், சில்லறையாக இருக்கலாம். பகடை என்று வைத்தது நான். அதை உருட்டியதும் நான். ஆறு.)

"ஆறு" என்றாள் மகள். "அப்பா, பின்னாடி போ."

தோற்பது அப்பாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். இது வரவில்லை. நாக்கு 'சரி மேடம்' என்று சொல்ல எழுந்தேவிட்டது.

"இல்ல" என்றார்.

மகள் புரியாமல் பார்த்தாள். அந்த வார்த்தையை அவள் அவர் வாயில் கேட்டதில்லை.

"ஆறு போட்டா முன்னாடிதான் போகணும். எல்லாருக்கும் அப்படித்தான்." பேனா மூடியை எடுத்தார். ஒவ்வொரு கட்டமாக வைத்துக் கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார். "அப்பா ஜெயிச்சுட்டேன்."

"இல்ல... அப்பா ஆறு போட்டா பின்னாடி..." மூச்சு பற்றவில்லை. ஒருமுறை இழுத்துக்கொண்டாள், முன்பைவிடக் கொஞ்சம் ஆழமாக. அப்பா அதைக் கவனித்தார். "அம்மா. அப்பா தப்பாட்டம் ஆடுறாரு. பதிவு பண்ணு."

அம்மா எத்தனையோ ஆயிரம் புகார்களைக் கேட்டவள். எதையும் திருப்பி அனுப்பியதில்லை. மகளின் காலருகே உட்கார்ந்து, வேலையில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"உங்க சிரமம் புரியுது மேடம்." அதற்குமேல் அந்தக் குரல் வரவில்லை. சாதாரணமான, கரகரப்பான, அவளுடைய சொந்தக் குரலில் சொன்னாள். "அப்பா சரியாத்தான் ஆடினாரு. நீ தோத்துட்டடா. பதிவு பண்ண முடியாது."

மகளின் முகம் சுருங்கியது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அந்தத் திறந்த வாய் அப்பாவுக்குத் தெரியும். கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்த அதே வாய். கட்டிலுக்கு மேலே ஆக்சிஜன் அளவு காட்டுகிற திரையில் எண் ஒருமுறை தடுமாறியது. அவர் கை அவரைக் கேட்காமலே நீண்டு, அவள் முழங்காலை மடக்கப் போனது. அம்மா கட்டிலுக்குக் குறுக்கே சாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள்.

"விடுங்க" என்றாள். "காலத் தொடாதீங்க."

மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நீளமான மூச்சு அவளுக்குள் இடம் கண்டுபிடித்துப் போவதை இருவரும் பார்த்தார்கள். பிறகு சத்தம் வந்தது. பக்கத்துக் கட்டில்களில் தலைகள் திரும்பின. எதிர்வீட்டு நாய், வெடித்த பலூன்கள், மாற்றிய சேனல்கள், வெறும் வயிற்றுக் காலைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து அவள் அழுதாள். இடையில் இருமினாள். இருமல் வலித்தது, வலித்ததற்கும் அழுதாள். வாசலில் வந்து நின்ற குமிழி அக்கா உள்ளே வராமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அப்பா உதட்டையே பார்த்தார். வார்டில் வெள்ளை விளக்கு. ஈரம் உலரும்வரை நம்பக்கூடாது என்று காத்திருந்து பார்த்தார். சிவப்பு. அவர் கடைக்கு வருகிறவர்கள் செங்கல் சிவப்பு கேட்பார்கள், மாதுளைச் சிவப்பு கேட்பார்கள். வெறும் சிவப்பு வேண்டும் என்று இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

9

"முடிச்சாச்சா?" என்றாள் மனைவி.

"எங்க. இன்னும் அழுதுகிட்டு இருக்கா."

"அழட்டும் விடுங்க." தாள்களை வாங்கிப் படித்தாள். கால் எங்கேயும் மிதிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்துபோனாள்.

முடிவு என்று ஒன்று எழுதவேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் மத்தியான எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருக்கிறது, கதவுக்குப் பின்னால் வைக்கிற பையை அம்மா வீட்டுக்கு வந்ததும் முதல்முறையாக முழுசாக அவிழ்த்துக் கொட்டுகிறாள். இன்னொன்றை உங்களிடம் சொல்லமாட்டேன், ஆனால் எழுதிப் பார்த்தேன். கேன்டீனில் கேட்டவருக்கு எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதினால் நானும் சும்மா சொல்கிறவன் ஆகிவிடுவேன். அவளிடம் சும்மா சொல்ல ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள், போதும்.

அதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எந்த முடிவை எழுதினாலும் அதற்கு முன்னால் ஒரு வரி எழுதவேண்டும்: அவள் அழுகையை நிறுத்தினாள் என்று. எக்ஸ்ரே எடுக்கிற மெஷினைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் வராந்தாவில் கேட்கிறது. அது கட்டிலுக்கு வர இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். ஒவ்வொரு அழுகைக்கும் அவளுக்குள் ஒரு மூலை திறக்கிறது. அந்த வரியை நான் எழுதப்போவதில்லை.

அப்பாவின் கையை அம்மா பிடித்திருக்கிறாள். உங்கள் கையைப் பிடிக்க அங்கே ஆள் இல்லை. குழந்தையைத் தூக்கி, கண்ணைத் துடைத்து, சரி சரி நீதான் ஜெயிச்ச என்று சொல்ல அது நீள்வது எனக்குத் தெரிகிறது. என்னுடையதும் நீள்கிறது.

பொறுங்கள். இன்னும் கொஞ்சம் அழட்டும்.